அறுபத்தோராம் பக்கத்துச் சிரிப்பு

அனுப்புநர்:
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி,
டிஜிட்டல் மானுடவியல் துறை,
ஆய்வு மாணவர் அறை, மூன்றாம் மாடி.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: பங்கேற்பாளர் எண் 8-இன் குரல் பதிவுகளை அவர் மனைவிக்கு வழங்க ஆய்வுத் தரவுக் காப்பாளர் மறுத்தது – வரும் 30ஆம் தேதி அவை அழிக்கப்படும் முன் தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கைபேசியில் மனிதர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பார்ப்பது எங்கள் படிப்பு. லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள் வேலைக்கு நடுவே வீட்டுக்கு அனுப்பும் குரல் பதிவுகளைப் பற்றியது என் ஆய்வேடு. பத்துக் குடும்பங்கள் ஓராண்டு தினமும் எனக்கு நகல் அனுப்பின. விதிப்படி யாருக்கும் பெயர் இல்லை, எண்தான். இவருக்கு ஏழு என்று கொடுத்தேன். "எட்டுன்னு போடும்மா, நான் எப்பவும் எட்டாவது மாடியிலதான் மாட்டிக்கிறேன்" என்று மாற்றி வாங்கிக்கொண்டார்.

2. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. இவர் உள்ளே இருந்தபடியே பேசிப் பேசி வைப்பார். வெளியே வந்ததும் ஐந்தாறு பதிவுகள் மொத்தமாக வீட்டில் போய் விழும். தையற்கடை வைத்திருக்கும் இவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசிப் பதிவைத்தான் முதலில் கேட்பார். ஆள் பத்திரமாக வெளியே வந்துவிட்டது அதில்தான் தெரியுமாம்.

3. இனி என் தவறு. அந்தரங்கப் பாதுகாப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய சூட்டில், பத்து வீட்டுக்கும் நானே போய், பதிவுகள் ஒரே நாளில் தானாக அழியும்படி கைபேசிகளில் அமைத்துக் கொடுத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது என் நகல்களையும் காப்பாளரிடம் ஒப்படைத்தேன். சென்ற மாதம் பங்கேற்பாளர் எட்டு மாரடைப்பில் காலமானார். அவர் குரல் இன்று பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் மட்டுமே இருக்கிறது.

4. துக்கம் விசாரிக்கப் போனபோது, கொடுக்க வேறெதுவும் இல்லாமல் ஆய்வேட்டின் பிரதியைக் கொடுத்தேன். அறுபத்தோராம் பக்கத்தில் அவர் பேச்சு இப்படி அச்சாகியிருக்கிறது: "கரண்ட் போயிடுச்சு. இருட்டுல உக்காந்திருக்கேன். (மூன்று நொடி மௌனம்) பயமெல்லாம் இல்ல. (சிரிப்பு)." தையற்காரரான அவர் மனைவி அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, "இது எந்தச் சிரிப்பும்மா? பொய் சொன்னா மூக்கால சிரிப்பாரு. நிஜமா சிரிச்சா இருமல் வந்துடும்" என்று கேட்டார். மதிப்பெண் போட்ட மூன்று பேராசிரியர்களுக்கும் தோன்றாத கேள்வி. பதில் எனக்குத் தெரியும். மறுநாளே பதிவுகளை அவருக்குத் தரும்படி காப்பாளருக்கு எழுதினேன்.

5. காப்பாளரின் மறுப்புக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. பதிவுகளைத் திரும்பப் பெறப் பங்கேற்பாளரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டுமாம். அதற்கு வழியில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்தது, மனைவி மூன்றாம் நபராம். ஐயா, அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றும் "ஏய், இருக்கியா" என்று அவரைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகின்றன. காப்பாளர் நல்லவர், விதியிலிருந்து இம்மியும் நகராதவர். நானும் அப்படி இருந்ததால்தான் இந்த மனு எழுத வேண்டியதாயிற்று.

6. எனவே 30ஆம் தேதிக்குள் அந்த 1,614 பதிவுகளையும் பங்கேற்பாளர் எட்டின் மனைவிக்கு வழங்க ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதன்பின் நம்மிடமுள்ள நகலை விதிப்படியே அழித்துவிடலாம். என் மீது நடவடிக்கை தேவையென்றால் ஏற்றுக்கொள்கிறேன். எழுத்தாக்குவதற்காக அந்தச் சிரிப்பை நான் நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். அது எந்தச் சிரிப்பு என்பதை அவர் என் வாயால் தெரிந்துகொள்ளக் கூடாது.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
மாணவி

இடம்: ஆய்வு மாணவர் அறை
நாள்: 12ஆம் தேதி, வியாழன்

இணைப்பு:
காப்பாளரின் மறுப்புக் கடிதம்.
அறுபத்தோராம் பக்கத்தின் நகல்.
தையற்காரர் கொடுத்தனுப்பிய காலி பென் டிரைவ் ஒன்று. தொலைந்துவிடக் கூடாதென்று, கணவரின் வேலைச் சட்டைத் துணியில் அதற்கு உறை தைத்திருக்கிறார். பட்டன் மட்டும் புதிது.