ஆளுக்கு இரண்டு நிமிடம்

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவளுக்கு,

பெண்களும் தயங்காமல் பேசும்படி கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ளச் சொல்லி, தொழிற்சாலையில் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிரிக்காதே. இன்று பயிற்சிக் கூட்டத்தை நடத்தியது நான். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கைபேசியில் மணி வைத்தேன். இதைவிடச் சமமாக எப்படி நடத்துவது?

கூடப் பயிற்சிக்கு வந்திருக்கும் வெல்டர் அக்கா, தன் முறை வந்தும் வாயே திறக்கவில்லை. பொறுக்காமல், "அக்காவுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, அடுத்தவங்க" என்றேன்.

"தம்பி, மெஷினுக்குச் சூடேற நேரம் குடுக்குறீங்க. எனக்குக் குடுக்க மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்றும், "சொல்ல ஒண்ணுமில்லன்னா கிளம்பு" என்றுதானே சொன்னேன்?

அன்று ஏதோ சொல்ல வந்தாயா? இப்படிக் கேட்பதும் அவசரப்படுத்துவதுதானா என்று குழப்பமாக இருக்கிறது. மெதுவாக எழுது. அதுவரை போன் செய்து நச்சரிக்க மாட்டேன்.

இன்னும் விளங்காத,
உன் வீட்டுக்காரன்