கழிப்பறையுடன் தங்களைத் தூக்கியது குறித்தும், பொது அலைவரிசையை நீக்கக் கோரியும்

அனுப்புநர்
ஒன்றாம் எண் கிரேன் ஓட்டுநர்,
அடுக்குமாடிக் கட்டட வேலைத்தளம்.

பெறுநர்
கட்டடப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்
(தற்சமயம் மருத்துவ விடுப்பில்).

பொருள்: இரு வேலைத்தளங்களின் வாக்கி-டாக்கிகளையும் ஒரே அலைவரிசையில் வைத்ததால் நேர்ந்த விபரீதம் – வேலையிலிருந்து நீக்கப்பட்ட சிக்னல்காரரை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

உயரத்தில் தொங்கியும் உயிரோடு திரும்பிய ஐயா அவர்களுக்கு,

1. வெட்கத்தை விட்டு முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் தளத்தின் தகரக் கழிப்பறையைத் தங்களோடு சேர்த்து நான்காம் மாடி உயரத்துக்குத் தூக்கியவன் நான்தான். தங்களுக்குத் தெரிந்த விஷயம் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும்.

2. எங்கள் தளமும் தெருவுக்கு எதிர்ப்புறத் தளமும் ஆளுக்கொரு கிரேன் வைத்திருக்கின்றன. இரண்டின் கைகளும் உரசிக்கொள்ளும் தூரத்தில் சுற்றுவதால், ஒருவர் பேசுவது மற்றவருக்கும் கேட்க வேண்டும் என்று சென்ற மாதம் தாங்களே நேரில் நின்று எல்லா வாக்கி-டாக்கிகளையும் ஒரே அலைவரிசையில் வைக்கச் செய்தீர்கள். கட்டளைக்கு முன்னால் கிரேன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

3. அன்று முதல் அந்த அலைவரிசை சந்தைக்கடை ஆனது. எதிர்த்தளக் கொத்தனாரின் பல்வலி, மேஸ்திரிக்கும் அவர் சம்பந்திக்கும் நடக்கும் சண்டை, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஆகாயத்தில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு என்று தாங்களே சொல்லுங்கள்.

4. கீழே நின்று எனக்குத் தூக்கவும் இறக்கவும் சொல்லும் எங்கள் தளத்துச் சிக்னல்காரன் என் மனைவியின் தம்பி. கழிப்பறையை இடம் மாற்றுவதற்காகக் கொக்கியை மாட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கக் கதவுப் பக்கம் போனான். மேலே இருந்து எனக்குக் கூரை மட்டும்தான் தெரியும். அந்த நொடியில் “தூக்குங்க” என்று குரல் வந்தது. எதிர்த்தளச் சிக்னல்காரர் தம்முடைய கம்பிக்கட்டுக்காகச் சொன்னது அது. வாக்கி-டாக்கியில் எல்லாக் குரலும் ஜலதோஷம் பிடித்த ஒரே ஆளின் குரல்தான். தூக்கிவிட்டேன்.

5. “அடேய், யாருடா அது? இறக்குடா! நான் உள்ள இருக்கேன்டா!” என்று தங்கள் கையிலிருந்த வாக்கி-டாக்கி அலறியபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கழிப்பறை பேசி நான் கேட்டதில்லை. உடனே இறக்கினேன். ஆனால் அதே கட்டளையைக் கேட்டு எதிர்த்தள ஓட்டுநரும் கம்பிக்கட்டை இறக்கினார். அதற்குக் கீழே ஆட்கள். “ஐயையோ, தூக்குங்க, தூக்குங்க!” என்று அவர்களுடைய சிக்னல்காரர் கத்தினார். இருவருமே தூக்கினோம். இரண்டாம் மாடி வரை வந்துவிட்ட தாங்கள் மறுபடி நான்காம் மாடிக்குப் போனது இப்படித்தான். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று தாங்கள் கூறியதில் உண்மையில்லை. நடுவில் கதவு திறந்துகொண்டதற்கும், மூன்றாம் மாடியில் பூச்சுவேலை செய்தவர்கள் தங்களுக்கு வணக்கம் வைத்ததற்கும் நான் பொறுப்பல்ல.

6. அந்தக் குழப்பத்தில் புத்தியோடு நடந்துகொண்டவன் என் மைத்துனன் ஒருவனே. வாக்கி-டாக்கியை வீசி எறிந்துவிட்டு, நான் பார்க்கும்படி வெட்டவெளிக்கு ஓடிவந்து, இரண்டு கைகளாலும் சைகை காட்டினான். பேச்சுக் கருவியை அணைத்துவிட்டு, அவன் கையை மட்டும் பார்த்து, முட்டையை வைப்பது போலத் தங்களைத் தரையில் வைத்தேன்.

7. இறங்கியதும், “நம்பர் சொல்லாம வந்த பேச்சுக்கு ஏன்யா தூக்கின?” என்று கேட்டீர்கள். பயத்தில் என் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. “என் மச்சான் எப்பவுமே நம்பர் சொல்ல மாட்டான் சார்” என்றேன். தங்களைக் காப்பாற்றியவனின் வேலை அந்த ஒரு பேச்சில் போயிற்று.

8. அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். “விடுங்க மாமா” என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் குறையை அவன் அக்கா தீர்த்துவைக்கிறாள். “எந்தம்பிய வீட்ல உக்கார வச்சுட்டு உங்களுக்குச் சோறு எப்படிங்க இறங்குது?” என்கிறாள். ஐயா, இறங்கவில்லை.

9. ஆகவே, ஒவ்வொரு தளத்துக்கும் தனி அலைவரிசை தரவும், கிரேன்கள் நெருங்கும்போது ஓட்டுநர்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ள இன்னொன்றை ஒதுக்கவும், எல்லாவற்றுக்கும் முன்னதாக என் மைத்துனனை வேலையில் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது தண்டித்தே தீர வேண்டும் என்றால் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுங்கள். மண் சுமக்கிறேன்.

நாள்: தங்களைத் தூக்கிய செவ்வாய்க்கு அடுத்த வெள்ளி
இடம்: கிரேனின் அடிவாரம் (விசாரணை முடியும்வரை மேலே ஏறத் தடை)

கடைசியில் பத்திரமாக இறக்கியதையும் நினைவில் வைக்கக் கோரும்,
(கையொப்பம்)
ஒன்றாம் எண் கிரேன் ஓட்டுநர்

பின்குறிப்பு: தங்கள் உத்தரவு வந்த முதல் வாரம் என் மைத்துனன் “ஒன்னாம் நம்பர், தூக்கு” என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா புருஷனைக் கைதி மாதிரி நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று நான் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததால், என் மனைவி அவனை அதட்டி அதை நிறுத்தவைத்தாள்.