எழுத்தில் இருக்கும் பாடம்

ஆத்தூரில் இருக்கும் உன் அக்காவைப் பார்த்துவரலாம் என்று போன மாதம் பேருந்தில் ஏறினேன். வாழப்பாடியைத் தாண்டியதும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. இந்த வாடையை எனக்கு முன்னால் நீ பிடித்துவிடுவாய். "வந்துருச்சு புள்ள, மூக்கைப் பொத்திக்க" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்வாய். உன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது உனக்குத் தெரியாது. நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

நாமக்கல்லில் அந்த லாரி புக்கிங் ஆபீசில் உன் மேசையும் என் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. எந்த ஊருக்கு என்ன லோடு, எந்த வண்டி காலியாக நிற்கிறது என்று போனில் கேட்டுச் சொல்வதுதான் நம் வேலை. உன் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது அங்கேதான். முதலில் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாய். பிறகு பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாய். ஆனால் போனில் உதடு ஏது? ஒருநாள் ஓமலூர் என்று சொன்னதை ஓசூர் என்று எடுத்துக்கொண்டாய். வண்டி ஓசூரில் போய் நின்றது. முதலாளி கத்தவில்லை. "போன் எடுக்க முடியலீன்னா இங்க வேற என்னம்மா வேலை இருக்குது?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூட உனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் புதுச்சத்திரம் போகும் பேருந்தில் நீ அழுவாய் என்று பயந்தேன். நீயோ, "காதே வேண்டாத வேலை எது புள்ள?" என்று கேட்டாய். ஆபீஸ் வெப்சைட்டைச் சரிசெய்ய வருபவர் நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் தட்டிக்கொண்டிருப்பதை நீ கவனித்து வைத்திருந்தாய். அவர் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழி என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன்.

"அப்ப அதை நான் படிக்கறேன். நீயும் படி."

"எனக்குத்தான் காது கேக்குதே."

"கேட்டா என்ன? காது கேக்கறவங்க படிக்கக் கூடாதுன்னு இருக்குதா?"

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தோம். ஆசிரியர் போர்டில் எழுதிக்கொண்டே, நமக்கு முதுகைக் காட்டியபடி பேசினார். வகுப்பு முடிந்ததும் நீ நேராக அவரிடம் போனாய்.

"ஏனுங்க சார், நீங்க பேசறதை எழுத்துல குடுப்பீங்களா?"

"நோட்ஸ் இல்லைங்க மேடம். வீடியோ தாரேன், எத்தனை வாட்டி வேணுமின்னாலும் போட்டுக் கேளுங்க."

"கேக்கறதுதானுங்க என்னால முடியாது."

அவர் திகைத்துப் போனார். நல்ல மனிதர்தான். "எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லைங்களே" என்று உள்ளதைச் சொன்னார். வெளியே வந்ததும் நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "எங்கியாச்சும் எழுதி வெச்சிருப்பாங்க. தேடலாம்."

தேடினோம். தமிழில் கிடைத்ததெல்லாம் வீடியோ. சிலவற்றில் பேச்சை எந்திரமே எழுத்தாக்கிக் கீழே காட்டியது. 'வேரியபிள்' என்று ஆசிரியர் சொன்ன இடத்திலெல்லாம் 'வேற பிள்ளை' என்று வந்தது. "பாடத்துக்கு நடுவுல இந்த வேற புள்ள யாரு?" என்று கேட்டு நீ சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

போகப்போக உனக்கு ஒரு கண்டிப்பு வந்தது. பாடம் எப்போது எழுதியது என்று முதலில் பார்ப்பாய். பழையது என்றால் மூடிவிடுவாய். அதில் உள்ள நிரலை அப்படியே தட்டிப் பார்ப்பாய், ஓடவில்லை என்றால் அந்தப் பக்கம் அத்தோடு சரி. கடைசியில் நாமே செய்து பார்க்க ஒன்றும் இல்லை என்றால், "இவரு கதை சொல்றாரு, சொல்லித் தரலை" என்பாய். அப்படிக் கழித்துக் கழித்துத்தான் இணையத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு கையேட்டைப் பிடித்தோம். பலர் சேர்ந்து எழுதி, அவ்வப்போது திருத்தி, இலவசமாக வைத்திருந்தார்கள். பாடத்துக்குப் பாடம் பயிற்சி இருந்தது. இடித்தது ஆங்கிலம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டில் உட்கார்ந்து நான் ஒரு பத்தியைப் படித்துத் தாளில் தமிழில் எழுதுவேன். நீ அதைப் பார்த்துத் தட்டுவாய். புரியாவிட்டால் தாளை என் பக்கம் தள்ளிவிடுவாய். "இது இங்கிலீஷைவிடக் கஷ்டமா இருக்குது. உனக்குப் புரிஞ்சுதா? அதை எழுது." பெரும்பாலும் எனக்கே புரிந்திருக்காது. ஒருநாள் எதைத் தட்டினாலும் பிழை என்று வந்தது. நான் போதும் என்று எழுந்துவிட்டேன். நீ திரையைத் திருப்பிக் காட்டினாய். "பாரு, எத்தனையாவது வரியில தப்புன்னு சிவப்புல எழுதிக் காட்டுது. என்கிட்ட யாரு இத்தனை பொறுமையா எழுதிக் காட்டறாங்க? உக்காரு."

உட்கார்ந்தேன்.

சேலத்தில் வெப்சைட் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாய். நேர்முகம் போனில் என்று பதில் வந்தது. 'எனக்குக் காது கேட்காது. கேள்விகளை எழுதிக் கொடுங்கள், உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து செய்து காட்டுகிறேன்' என்று எழுதினாய். பதில் இல்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றேன். நீ அதே கடிதத்தை மறுபடி அனுப்பினாய். கூப்பிட்டார்கள். சரக்கு பதிவு செய்ய ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். ஊர்ப் பெயரைத் தட்டவே தேவையில்லாமல், மாவட்டத்தைத் தொட்டால் அதன் ஊர்கள் வருவதுபோல் செய்தாய். ஏன் இவ்வளவு சிரமம் என்று எழுதிக் கேட்டார்களாம். "ஓமலூரும் ஓசூரும் ஒண்ணாயிடக் கூடாதுங்க" என்று உன் பெரிய குரலில் சொல்லியிருக்கிறாய். வேலை கிடைத்த செய்தியைப் புதிய பேருந்து நிலையத்தின் நடுவில் நின்று நீ எனக்குச் சொன்னபோது, எத்தனை பேர் நம்மைப் பார்த்தார்கள்! பார்க்கட்டும் என்றிருந்தது.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்திருந்ததால் உன்னால் பேச முடியவில்லை. என் போனை வாங்கித் தட்டினாய்: 'தமிழ்ல எழுதுனதை எல்லாரும் பாக்கற மாதிரி போடு. நம்மள மாதிரி எவளாச்சும் தேடிக்கிட்டு இருப்பா.' அப்புறம் நீ வீட்டுக்குத் திரும்பவில்லை. சில மாதங்கள் நான் அந்தத் தாள்களின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல், அவற்றின் முன் உட்கார்ந்தேன்.

இப்போது அவை இணையத்தில் இருக்கின்றன. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். வீடியோ போடுபவர்களிடம் எழுத்து வடிவமும் கொடுங்கள் என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மறுபடி அனுப்புகிறேன். ஒருவர் இசைந்திருக்கிறார். போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. தான் செய்த முதல் பக்கத்தை அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு வரி: 'பத்தாவது பாடம் புரியலைங்க அக்கா.'

திறந்து பார்த்தேன். எனக்கே சரியாகப் புரியாததை அழகான சொற்களால் பூசி மெழுகியிருந்தேன். நீ இருந்திருந்தால் அந்தத் தாள் என் பக்கம் வந்து விழுந்திருக்கும். முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. வரும்வரை நான் எழுந்திருக்கப் போவதில்லை, புள்ள.