இருட்டில் எழுந்து நின்றவர்கள்

வியாழன்
காலை முதல் தூறல். தோய்த்த சட்டை காயவில்லை. சீனியர்களின் பகிடிவதைக் காலம் முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தாருக்கான சட்டங்கள்: ரப்பர் செருப்பு மட்டும். கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்க வேண்டும். சீனியரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். கண்டிக்குப் படம் பார்க்கப் போகக் கூடாது. உயர்கல்வியில் இதுவரை கற்றது இவ்வளவே. நல்ல தேர்ச்சி.

அறைத்தோழன் நசீர், அக்குறணைக்காரன்: "சனிக்கிழம படத்துக்குப் போவம் மச்சான். டவுன்ல நம்மள யாரு பாக்கப் போறாங்க? பயந்து சாகாத."

பிடிபட்டால் ஜெயம் அண்ணையின் அறை. இறுதி வருடம். அங்கே போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சனி
காலில் செருப்பில்லை, சப்பாத்து. கழுத்துப் பொத்தானைக் கழற்றியாயிற்று. கண்டி வாவியை ஒரு சுற்று. கொறிக்க வறுத்த கச்சான். ஒவ்வொரு குடைக்குக் கீழும் ஜெயம் அண்ணை இருப்பதாகப் பட்டது.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. நிம்மதி. கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஜெயம் அண்ணை, இம்முறை உண்மையாகவே. கூட ஒரு பெண்.

குனிந்திருக்கலாம். எழுந்து நின்றேன். என்னைக் கேளாமல் கால்கள் செய்த வேலை. நசீரும் நின்றான். முன்வரிசைகளில் இன்னும் நாலு பேர். எல்லாரும் எங்கள் வகுப்பு.

பின்னாலிருந்து யாரோ: "தம்பி, உக்காருங்கப்பா, மறைக்குது!"

அந்தப் பெண் எங்களைப் பார்த்தார். ஜெயம் அண்ணையைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

ஞாயிறு
ஜெயம் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. அறையில் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அது இன்னும் பயம்.

"ஏன்டா எழும்பினனீங்கள்?"

"தெரியாது அண்ணை."

"மாலதி முதல் தரம் என்னோடை வந்தவள். இத்தனை பேர் நடுங்கிற ஆளோடை தனக்கென்ன கதை எண்டு கேக்கிறாள். நான் ஒருத்தரையும் வெருட்டிறேல்லை எண்டு நீ போய்ச் சொல்லோணும்."

"ஓம் அண்ணை."

"நடுங்காமல் சொல்லோணும். அந்தக் கழுத்துப் பொத்தானைக் கழட்டிப்போட்டுப் போ."

திங்கள்
வெயில். நூலகத்துக்கு எதிரே கல் வாங்கு. மாலதி அக்கா, ஊர் ஹட்டன். பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"நெசமாவே நல்லவரா? ஒங்களயெல்லாம் மெரட்டுறதில்லயா?"

"இல்லை அக்கா. தங்கமான மனுசன். எங்களுக்கு அவரிலை ஒரு பயமும் இல்லை."

குரல் பிசகவில்லை. அக்கா மெல்லச் சிரித்தார்.

மரத்துக்குப் பின்னால் ஓர் இருமல். ஜெயம் அண்ணையுடையது.

எழுந்து நின்றேன். கை தானாகக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தது.