நாற்பத்திரண்டாம் நம்பர் டோக்கன்

என் கட்டெறும்புக்கு,

உன் அக்கா சாராள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனசு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நீ நாயுடுபேட்டைப் பக்கம் சவுக்கு வெட்டப் போன வருஷம் வாங்கி மிச்சமான இன்லண்டு லெட்டர்கள் இவை. பெட்டிக்கு அடியில் கிடந்தன. அப்போது நான் எழுதினால் நீ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படிப்பாய் என்று உன் கூட்டாளிகள் வந்து சொல்லிச் சிரிப்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாவது வரைக்கும், நீ மூணாவது வரைக்கும். அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு உன்னை எவ்வளவு மிரட்டியிருப்பேன்! இப்போது உன்னை சர்ச்சுக்குப் பின்னால் வைத்து மண் தள்ளிவிட்டு வந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை. இந்தக் கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? தெரிந்துதான் எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் மாமாவின் இரும்புக் கம்பி மில்லுக்குப் போய் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைக் கேட்காமல் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மாமாவுக்குக் கால் இன்னும் ஆறவில்லை. மேலே தோல் மூடினது போல இருக்கிறது, ஊன்றினால் உள்ளேயிருந்து கசிகிறது. உன் சைக்கிளை உன் கூட்டாளி குப்பன் கேட்டான், நான் கொடுக்கவில்லை. கழுத்தில் இறகில்லாத அந்தச் சிவப்புக் கோழி மறுபடியும் அடை உட்கார்ந்திருக்கிறது. எதை எழுதுகிறேன், எதை விடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கும் விளங்கும் போல இருக்கிறது.

கம்பிக் கட்டு விழுந்து மாமா பாதம் நசுங்கினபோது மில்லில் லீவு கொடுத்தார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. லீவு தீரும்போது பெரியாஸ்பத்திரி டாக்டர் இன்னும் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்றார். மில் ஆபீசில் இதற்கு மேல் லீவு கிடையாது என்றார்கள். இரண்டு பேருமே பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள். கால் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. நான் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு எது பெரிய கையெழுத்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேஸ்திரி ஆதிநாராயணன் வீட்டுக்கு வந்தார். நீதான் அவருக்கு முக்காலி எடுத்துப் போட்டாய். மாமாவைப் பார்த்து, "இன்னா பாக்கியநாதா, லீவு முடிஞ்சி ஒரு வாரம் உன் டோக்கன் ஆணிலயே தொங்குச்சின்னா பேரை அடிச்சிடுவாங்க. உன் மச்சான் மரம் வெட்டிக்கினு சும்மாத்தானே கீறான்? வந்து எடுக்கச் சொல்லு. மில்லு மூஞ்சியையா பாக்குது? நம்பரைத்தான் பாக்குது" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நம் பக்கத்தில் நடக்காததா? அண்ணன் டோக்கனைத் தம்பி எடுக்கிறான், அப்பன் டோக்கனை மகன் எடுக்கிறான். மில் கேட்டில் இருக்கிற பலகையிலிருந்து நம்பர் போட்ட அந்தப் பித்தளைத் துண்டு காலையில் எடுபட்டு, வேலை விடும்போது திரும்பத் தொங்கினால் சரி. இடம் கைவிட்டுப் போகாது. நீ மாமாவின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மடித்து விட்டுக்கொண்டு, வாசலில் நின்று சலாம் போட்டாய். "மாமா, உன் காலு ஆறுற வரிக்கும் நான்தான் நாப்பத்திரண்டு. நீ ஊட்ல கால நீட்டிக்கினு முட்டை மேல குந்து, அந்தக் கோழி எழுந்துக்கட்டும்" என்றாய். மாமா ஊன்றுகம்பை எடுத்து உன் மேல் வீசினார். அவர் அடிபட்டபிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. "பழுத்த கம்பி பாம்பாட்டம் ஓடியாருதுக்கா, இடுக்கியால கழுத்தைப் புடிச்சி அடுத்த ரோலர் வாய்ல திருப்பி உடணும், கண்ண இமைச்சா போச்சி" என்று சாப்பிடும்போது கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவாய். சோற்றுப் பருக்கை சுவரில் ஒட்டும். டீக்கடையில் யாரோ என்ன வேலை என்று கேட்டதற்கு, கம்பெனியில் இருக்கிறேன் என்று நீ சொன்னதை மாமா கேட்டு வந்து சொன்னார். மாமா இடம் என்று நீ சொல்லவில்லையாம். மாமாவுக்கு அதில் கோபம் இல்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் இரண்டு உலை வைத்தேன். புண் இருக்கிற உடம்புக்குக் கருவாடு ஆகாது, சீழ் வைத்துவிடும். அதனால் மாமாவுக்கு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். உனக்குப் பழவேற்காட்டுக்காரி கொண்டுவருகிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டு. "உன் தம்பிக்குக் கலியாண விருந்து, கட்னவனுக்குக் கசாயம். நல்ல நாயம்டி" என்று மாமா தினமும் சொல்வார். மத்தியானம் அதைக் கேரியரில் வைத்து நான்தான் மில் கேட்டுக்கு எடுத்து வருவேன். வாட்ச்மேன் ராஜமாணிக்கம், "யம்மா, நாப்பத்திரண்டு சோறு வந்தா ஊர்ப்பூனை எல்லாம் கேட்டாண்ட வந்து நிக்கிது. பூனைக்கும் டோக்கன் குடுக்கச் சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டே கேரியரை வாங்கி உள்ளே அனுப்புவார்.

அன்றைக்கு அவர் பூனையைப் பற்றிப் பேசவில்லை. கேரியரை நீட்டினேன், பிடியைப் பிடித்தார், ஆனால் வாங்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பி வாய் மாறி எகிறி வந்தது என்று பிறகு சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

உன்னைத் தூக்கிப் போகும்போது மில் ஆட்கள்தான் தோள் கொடுத்தார்கள். ஒருவருக்கும் உன் பேர் வாயில் வரவில்லை. "நாப்பத்திரண்டு பூட்டானே, நாப்பத்திரண்டு பூட்டானே" என்றுதான் அழுதார்கள். மாமா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் நம்பரைச் சொல்லி அவர் காதுபட அழுதார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "மில்லு புக்குல அன்னிக்கு நான் வேலைல கீறேன் சாரா. அப்ப செத்தது யாரு?" என்று என்னைக் கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் ரசத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். வேறு என்ன செய்வது?

நேற்று ஆதிநாராயணன் மறுபடியும் வந்தார். முக்காலி எடுத்துப் போட ஆளில்லை, நின்றுகொண்டே பேசினார். நாளைக்குப் பட்டணத்திலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். செத்தவனின் அக்காவை விசாரிப்பாராம். "இதான் பேச்சு, கேட்டுக்கோ. உன் தம்பி மாமனுக்குச் சோறு எடுத்துக்கினு வந்தான். சொல்லாம கொள்ளாம வேடிக்கை பாக்க உள்ள பூந்துட்டான். அன்னிக்கு பாக்கியநாதன் நொண்டிக்கினே வேலைக்கு வந்திருந்தான். அவ்ளோதான்" என்றார். அப்படிச் சொன்னால் மாமா நம்பர் பலகையில் இருக்குமாம், கால் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்களாம். உள்ளதைச் சொன்னால் ஆள் மாற்றி அனுப்பின குற்றத்துக்கு மாமாவையும் மேஸ்திரியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்களாம். "உன் தம்பி பேரு அங்க எதுலயும் இல்லம்மா. அவன் வேலை செஞ்சான்னு நீ ஒருத்தி சொன்னா எவன் ஒத்துக்குவான்?" என்றார்.

விளக்குமாற்றை எடுக்கலாமா என்றிருந்தது எனக்கு. அப்போதுதான் அவர் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். உன்னை அந்தக் கம்பியிலிருந்து இழுத்தபோது வெந்ததாம். அதை அவர் சொல்லவில்லை, மாமாதான் சொன்னார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனைத் திட்டுவதா, குடிக்கத் தண்ணீர் கொடுப்பதா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்தக் கேரியரையும் மறக்காம எடுத்துக்கினு வா, காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதிலிருந்து மாமா கம்பில்லாமல் நடந்து பழகுகிறார். இன்ஸ்பெக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டுமே. வேலிப் பூவரசிலிருந்து அடுப்படி வரைக்கும், துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, வருகிறார், போகிறார். இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். தரையில் அந்த ஒரு பாதம் மட்டும் ஈரமாகப் பதிகிறது. நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "அவன் உன் தம்பி. நீ இன்னா சொன்னாலும் சரி. சொல்லலேன்னாலும் சரி" என்றார். அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி, "இப்ப பாரு, நொண்டுறது தெரியுதா?" என்றும் கேட்டார்.

பொய்ச்சாட்சி சொல்வது பாவம் என்று ஞாயிறு பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் சேர்ந்துதான் ஒப்பித்தோம். அந்தப் பாவத்தைக் கூடச் சுமந்துகொள்வேன். நீ வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தவன் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? நீயா வேடிக்கை பார்க்கிறவன்? சர்க்கஸ் கூடாரத்துக்குக் கூட ஆணி அடிக்கப் போய்த்தானே உள்ளே பார்த்தாய்! உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். நீ காப்பாற்றப் போனது இந்த ஒரு வேலையைத்தான். அதை நானே பிடுங்கிப் போட்டால் நீ எதற்காகப் போனாய் என்று ஆகிவிடுமே. மறுபடியும் உட்கார்ந்துவிடுவேன். காலையிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். உலை கொதித்து வழிந்ததைக் கூடப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது, கட்டெறும்பு. அன்றைக்குச் சோறு கொண்டுவந்தவள் நான். சாப்பிட வேண்டியவன் நீ. அவர்கள் சொல்கிறபடி பார்த்தால் நான் அங்கே வரவே இல்லை.

மழை வரும் போல இருக்கிறது. புது மண் இறங்கிவிடும், பார்த்து மேலே போடச் சொல்லியிருக்கிறேன். நீ இருக்கிற இடத்தில் அனல் அண்டாமல், காலுக்கு ஈரமும் தலைக்கு நிழலுமாகக் கர்த்தர் உன்னை வைத்துக்கொள்ளட்டும். அம்மாவைப் பார்த்தால் நான் சரியாகத்தான் உன்னைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லு. கேட்டால் மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்கா
சாராள்
கவரைப்பேட்டை, 1977

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கேரியரைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் கவிழ்த்தேன். மேல் கிண்ணத்தில் கருவாட்டு வாசனை போகவில்லை. புண் உள்ள புருஷனுக்குக் கருவாடு கட்டிக் கொடுப்பாளா ஒருத்தி? பட்டணத்து ஆள் என்றாலும் அவருக்கும் வீட்டில் சமைக்கிறவள் இருப்பாள் அல்லவா? நாளைக்கு அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது யாருக்கம்மா கட்டின சோறு?" என்று கேட்டால், யாருக்கென்று சொல்லட்டும் தம்பி?