பெருக்கி வைத்த மணல்

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கு மேல் வழக்கம்போல் அனல்மின் நிலையத்துச் சாம்பல். நெத்திலி இரண்டு கூடை மணலில் பரப்பினேன். காக்காய்க்குப் பயந்து மேலே பழைய வலை.

வாங்க: கல் உப்பு, கயிறு, வீட்டுக்காரருக்கு முட்டிவலித் தைலம்.

ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பெரிய போன். பெயர் மலர்விழி. நகர வளர்ச்சி ஆராய்ச்சியாம். எண்ணூர்க் கரைக்குப் புது வரைபடம் போடுகிறார்களாம். எந்த இடத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுவாளாம். சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். சிரித்துப் பேசுகிற ஆபீஸ்காரர்களை நான் நம்புவதே இல்லை.

"சனிக்கிழமை வந்து இந்த மணல் பூரா அளப்போம் அக்கா."

அளக்க வந்தவன் எவன் சும்மா போயிருக்கிறான்?

என் பக்கத்தில் கருவாடு போடுகிற அஞ்சலை அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். சொந்த நாத்தனாருக்கு ஒரு டீ வாங்கித் தராதவள். என்ன திடீர்ப் பாசம்? ஒரு கண் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

புழுக்கம். சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நான்தான் முதலில் பேசினேன். போன தடவை ஒருவன் வந்தான், மணலில் வலை, என்ஜின் பெட்டி எல்லாம் பார்த்தான், ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு போனான். பின்னாலேயே லாரி வந்து அத்தனையும் அள்ளிக்கொண்டு போனது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது. ஒன்றும் கண்ணில் படக் கூடாது.

தலைவர், "செல்வி சொல்றது கரீட்டு. விடியறதுக்குள்ள மணல்ல ஒரு துரும்பு இருக்கக் கூடாது. எவன் வெச்சிருந்தாலும் தண்டம் கட்டணும்" என்றார். ஊர் சொன்னால் சொன்னதுதான்.

அஞ்சலை மட்டும் முணுமுணுத்தாள். "மணல்ல கீறத அப்பிடியே காட்டிக்கினா இன்னா கொறஞ்சிபூடும்?"

"டீ வாங்கிக் குடுத்தியே, அந்தப் பாசமாடி?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

செப்டம்பர் 20, சனி

வெயில். விடியும் முன்பே வேலை. படகெல்லாம் முகத்துவாரத்துப் பக்கம். வலை வீட்டுக்குள். என் கருவாடு கட்டிலுக்கு அடியில். நானே மணலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். பொண்ணு பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது.

மலர்விழி வந்தாள்.

"இங்க மீன் காயவைப்பீங்களா அக்கா?"

"இல்லம்மா. இங்க யாரும் ஒண்ணும் வெக்கறதில்ல."

"வலை?"

"அதெல்லாம் வூட்டாண்ட."

"மீன் வாசனை வருதே?"

"எண்ணூர்ல எங்கதான் வர்ல?"

யாரைக் கேட்டாலும் அதே பதில். ஊரே ஒரு வாய். குறித்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்தோம். வீடு நாறுகிறது, அவர் வலை மேலேயே படுத்துத் தூங்குகிறார், போகட்டும்.

அக்டோபர் 15, புதன்

மேகமூட்டம். நகர வளர்ச்சி ஆபீஸில் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போனேன். எங்கள் வீடுகள் மஞ்சள். ஆறு நீலம். எங்கள் மணல் வெள்ளை. அதன் மேல் எழுத்து: பயன்பாட்டில் இல்லாத காலி இடம். கீழே: லாரி நிறுத்தம், கிடங்கு அமைக்க ஏற்றது.

இரண்டு தடவை படித்தேன். மேஜையில் இருந்தவரைக் கேட்டேன்.

"நீங்க சொன்னதுதாம்மா. ஒருத்தர் விடாம அதையேதான் சொல்லியிருக்கீங்க."

அந்தச் சிரிப்புக்காரி வேலைதான் என்று நினைத்தேன். அவள் நம்பர் அஞ்சலையிடம்தான் இருக்கும், இருந்தது. வாங்கிப் போன் போட்டேன், கத்தினேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"ஏன் அக்கா இல்லன்னு சொன்னீங்க? வலையும் மீனும் கண்ணால பார்த்திருந்தா மீனவர் பொது இடம்னு எழுதியிருப்பேனே. காலம் காலமா புழங்குறீங்கன்னு காட்டத்தானே வந்தேன்."

ஒளித்தது நான். பெருக்கியது நான். ஊரையே பொய் சொல்ல வைத்ததும் நான்தான். இந்த மணல் போனால் கருவாட்டை எங்கே போடுவேன், தலையிலா? பாவி, பாவி.

நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, மறுபடி வருவாளாம். அதுதான் கடைசி. அன்றைக்கு மணலில் என்ன இருக்கிறதோ அதைப் படம் பிடித்தால் மாற்றி எழுதக் கேட்கலாமாம். இதிலும் ஏதாவது இருக்குமோ? தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

வெள்ளிக்கிழமை விஷயத்தைத் தலைவரிடம் சொல்லி ஊருக்குத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன்.

"ஒரு வார்த்த திட்டேன்டி."

"திட்டி இன்னா ஆவப்போவுது? உள்ள வா. நாளைக்குப் பரப்ப எத்தினி கூடை கருவாடு கீது உங்கிட்ட?"

குத்திக்காட்டவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. என் புத்தி அப்படி.

இரவு டி.வி.யில் கனமழை என்றார்கள். அப்படிச் சொன்னால் எப்போதும் பெய்யாது.

அக்டோபர் 17, வெள்ளி

பெய்கிறது. விடிந்ததிலிருந்து விடாமல்.

மணலில் நாய் கூட இல்லை. வெறிச்சென்று, வரைபடத்தில் போட்டது மாதிரியே. மலர்விழி போன்: "கிளம்பிட்டேன் அக்கா. இன்னைக்கு விட்டா வேற தேதி தர மாட்டாங்க."

மழைக்காலத்தில் விற்க என்று சேர்த்து வைத்த கருவாடு. வாளை, நெத்திலி, காரப்பொடி மீன். இப்போதுதான் விலை ஏறும். கூடையைத் தூக்கினேன்.

"மழைல கருவாட்ட கொட்டப் போறியா? மண்ட கிண்ட கொழம்பிப்போச்சா உனுக்கு?" அவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன்.

பரப்பினேன். வழக்கமாகப் போடுகிற அதே இடத்தில், அதே வரிசையில். கண் முன்னாலேயே ஊறி உப்பியது. அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப் போகிறது. திரும்பிப் பார்த்தால் அஞ்சலை, இடுப்பில் கூடை. என் பக்கத்திலேயே கொட்டினாள். அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. வலை வந்தது. படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என்ஜின் பெட்டி சுமந்தார்.

மலர்விழி தலை நனைய வந்தாள். குடை போனுக்கு மட்டும். எல்லாவற்றையும் படம் பிடித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து கேட்டாள்:

"இந்த மழைல யாராவது மீன் காயவைப்பாங்களான்னு மேல கேப்பாங்க அக்கா. என்ன சொல்லட்டும்?"

"வெக்க மாட்டாங்கன்னு சொல்லு. வேற எடம் இருந்தா ஒருத்தி இந்த மழைல இங்க கொணாந்து கொட்டுவாளான்னு திருப்பிக் கேளு."