ஒரு சிட்டிகை சாம்பிராணி

2.2.2007, வெள்ளி

பூசை முடிந்து வரும்போது ஃபர்வானியா அரபி மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கினேன். கட்டட வேலைக்காரர் கேம்ப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சூசைமிக்கேல் சோற்றைத் தொடவில்லை. அவரோடு வேலை செய்த கார்மேகம் செவ்வாய்க்கிழமை சாரத்திலிருந்து விழுந்து செத்துவிட்டான். கயிறு இற்றுப்போனது. மாற்றச் சொல்லி இவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது, குடித்துவிட்டு ஏறினான் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு ஃபோர்மேன் பேப்பர் நீட்டுகிறான். ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். இவர் போடவில்லை.

"ஒரு கையெழுத்துதான? போட்டுட்டுச் சோத்தத் தின்னும்" என்றேன்.

"சிலுவ போடுத கை பிள்ள இது. செத்தவன் மேல பொய் எழுதுமா?"

6.2.2007

கூட வேலை செய்யும் மாயாண்டி இவரை டாக்சியில் கொண்டுவந்து விட்டான். அவனும் கையெழுத்துப் போட்டவன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டோர் ரூமில் பூட்டி, இரும்புப் பைப்பால் இடது கை விரலை ஒவ்வொன்றாக நசுக்கியிருக்கிறார்கள். விரலுக்கு ஒரு தடவை கேட்டார்களாம், போடுறியா, போடுறியா என்று. முன்பல் மூன்று இல்லை. வலது கையில் ஒரு கீறல்கூட இல்லை. கையெழுத்துக்கு வேண்டுமே.

10.2.2007

கஞ்சி ஊட்டினேன். திரும்பவும் கெஞ்சினேன். "பல்லு போன பொறவுதான் உன் கஞ்சி ருசிக்கி" என்று சிரிக்கிறார். நாளைக்கு லேபர் ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறாராம். அவர் செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.

11.2.2007

என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

13.2.2007

பிணவறையில் அவர் கிடந்த பெட்டியை இழுத்துக் காட்டினார்கள். தலை — வேண்டாம், எழுத மாட்டேன். வலது கையும் கூழாகிக் கிடந்தது. பையில் போட்டு என் செருப்பில் ஒன்றைக் கொடுத்தார்கள்.

7.3.2007, புதன்

என் பேர்கொண்ட அர்ச்சிஷ்டவள், புனித பெலிசித்தாவின் நாள். ஜெபக் கூட்டத்தில் ஜெயராணி அக்கா வரலாறு வாசித்தாள். பெலிசித்தா அடிமைப் பெண்ணாம். ரோமைக்காரன் ஜெயிலில் பிள்ளை பெற்றாள். வலியில் கத்தினபோது காவல்காரன், "இதுக்கே கத்துற, மிருகத்து முன்னால என்ன செய்வ?" என்றானாம். பால் வடிய வடிய அவளை வெறிமாட்டின் முன்னால் தள்ளினார்கள். அது முட்டித் தூக்கி எறிந்தது. பிறகு கழுத்தில் வாள். ராஜா சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டிருந்தால் விட்டிருப்பார்களாம். ஒரு சிட்டிகைதானே, போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்பார்களாம் அந்த அதிபதிகள்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அது நான் பேசிய பேச்சு. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசினது.

16.3.2007, வெள்ளி

ஃபோர்மேன் ரூமுக்கே வந்தான், கூட ஒருத்தன். "சூசை மாடிப்படியில விழுந்துட்டான்னு ஒரு கையெழுத்துதானக்கா. போட்டா நாளைக்கே பாடி ஊருக்கு. இல்லன்னா ஐஸ் பெட்டியிலயே கெடக்கும்."

ஊரில் மாமியார் குழி வெட்டச் சொல்லிக் காத்திருக்கிறாள். அவரை மண்ணில் வைக்க எனக்கு ஆசையில்லையா? பேனாவை வாங்கினேன். மூடியைத் திறந்தேன்.

"கெடக்கட்டும்" என்றேன். "பொய்யச் சொல்லி அவரப் பொதைக்க மாட்டேன்."

கூட வந்தவன் கதவைச் சாத்தினான்.

24.3.2007

நோட்டு நழுவாமல் மாயாண்டி பிடித்துக்கொண்டிருக்கிறான். என் இடது கையில் கட்டு. நான்கு விரலை நசுக்கியும் நான் போடவில்லை. வலது கையை எனக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

காலையில் போலீசுக்குப் போகிறோம். "அன்னைக்குப் பொய்யாப் போட்டேன், நாளைக்கு மாத்திப் போடுறேன் மதினி" என்கிறான்.

கட்டிலுக்கடியிலிருந்து அவர் செருப்பை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். என் காலுக்குப் பெரிசு.